கவனமில்லாத பிள்ளையா, இரைச்சலில் சிக்கிய பிள்ளையா?

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கும்போது மட்டக்களப்பில் மாரி மழை முழுதாய் விட்டிருக்காது. படுவான்கரைப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட நீளமான வகுப்புக் கட்டடத்தில் மழை இறங்கினால், டீச்சரின் குரல் மூன்றாவது வாங்கைத் தாண்டாது. அப்படியொரு காலையில் தரம் மூன்றில் படித்த பொடியன் ஒருவனை மேசையடிக்குக் கூப்பிட்டேன். கொப்பியில் ஒரு வரி எழுதி, "இத மட்டும் வாசி மனே" என்றேன்.

வரி இதுதான்: "கொக்கு மீனைக் கொத்திக்கொண்டு பறந்தது."

முதல் எழுத்திலேயே அவன் விரல் நின்றது. "கெ…" என்றான். பிறகு "கெ… கா…" உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த பறவைப் படங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு "கொக்கு!" என்றான். சரி. "மீனை" தடங்கலில்லாமல் வந்தது. "கொத்திக்கொண்டு" என்ற சொல்லுக்குள் இறங்கி எழுத்தெழுத்தாய்க் கூட்டிப் போனான். "கொண்டு" வந்து சேர்ந்தபோது "கொத்தி" கைநழுவிப் போயிருந்தது. திரும்ப முதலிலிருந்து தொடங்கினான். கடைசிச் சொல்லுக்கு வந்தபோது "பறவை" என்று ஊகித்துச் சொல்லிவிட்டு, வெளியே மழையைப் பார்த்தான். மூக்கு நுனியில் வியர்த்திருந்தது.

அவனுடைய முன்னேற்ற அறிக்கையில் மூன்று தவணையும் ஒரே வசனம்: "கவனம் போதாது." அந்த வசனத்தை நானும் பல பிள்ளைகளுக்கு எழுதியிருக்கிறேன்.

அதே பொடியன் பின்னேரம் வாவிக்கரையில் தூண்டில் போட்டால் ஒரு மணித்தியாலம் அசையாமல் இருப்பான். தக்கை சற்றே தாழும் கணத்தில் கை சுண்டும். அப்படியென்றால் வகுப்பறையில் இல்லாமல் போகும் கவனம் எங்கே போகிறது? இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கு மேலாக விடை தேடியிருக்கிறார்கள். அந்தத் தேடலில் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயன்படக்கூடியவற்றை எடுத்துச் சொல்வதுதான் என் நோக்கம்.

1896இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பிரிங்கிள் மோர்கன் என்ற வைத்தியர், பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பற்றிப் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். விளையாட்டில் கெட்டி, கணக்கில் கெட்டி, பார்வையில் குறையில்லை. எழுத்துகளைத் தெரியும், ஆனால் சொற்களை வாசிக்க வராது. எல்லாப் பாடத்தையும் வாயால் மட்டும் சொல்லிக் கொடுத்தால் பள்ளிக்கூடத்திலேயே இவன்தான் முதல் ஆள் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் அவர் பதிந்திருக்கிறார். அப்போது இதற்குச் "சொற்குருடு" என்று பெயர். இன்று டிஸ்லெக்சியா என்கிறோம். நம் கல்வித்துறையில் வாசிப்பு இடர்பாடு என்றும் சொல்வார்கள். எந்த மொழியானாலும் நூறு பிள்ளைகளில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது இருக்கும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு பேர், மூன்று பேர், சில வேளை நாலு பேர். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "மொக்கு" என்ற சொல் இந்தப் பிள்ளைகள்மீது விழும்போது அது ஒரு பொய்.

பேச்சுக்கென்று மூளையில் பழைய இடம் உண்டு. வாசிப்புக்கு அப்படி ஒரு இடம் கிடையாது. எழுத்து பிறந்தே ஐயாயிரம் வருடம்தான். சாதாரண வீட்டுப் பிள்ளையெல்லாம் வாசிக்க வேண்டும் என்ற நியதி அதைவிட எவ்வளவோ இளையது. மட்டக்களப்பில் வில்லியம் ஓல்ட் பாதிரியார் பள்ளிக்கூடம் தொடங்கியது 1814இல். ஆகவே ஒவ்வொரு பிள்ளையின் மூளையும் முகங்களையும் பொருட்களையும் அடையாளம் காண வைத்திருந்த இடத்தில் ஒரு பகுதியைப் பிடித்து, அதைக் காதுப் பகுதியோடும் பேச்சுப் பகுதியோடும் இணைத்து, வாசிப்புக்கென்று புதுப் பாதை வெட்டிக்கொள்கிறது. இடது பக்க மூளையின் அடிப்புறத்தில் இந்த இடம் இருக்கிறது. டிஸ்லெக்சியா உள்ளவருக்கு இந்தப் பாதை உறுதியாக அமைய நீண்ட காலம் எடுக்கும்.

ஏன் என்பதற்கு இன்றுள்ள மிக வலுவான விளக்கம், பேச்சொலிகளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பிடிப்பதில் உள்ள சிரமம். பேசும்போது "கொக்கு" என்பது ஒரே மூச்சில் வந்துபோகும் சத்தம். அதை எழுத்தோடு பொருத்த அந்தச் சத்தத்தைப் பிரிக்கத் தெரிய வேண்டும். தமிழில் இது கொஞ்சம் தனி விதமானது. நம் எழுத்து அசையெழுத்து. "கொ" என்பதை ஒரே எழுத்தாகப் படிப்பிக்கிறோம். ஆனால் 216 உயிர்மெய்களையும் ஒவ்வொன்றாய் மனப்பாடம் செய்து யாரும் வாசிக்கப் பழகுவதில்லை. க் என்ற மெய்யும் ஒ என்ற உயிரும் சேர்ந்தது கொ என்று ஏதோ ஒரு கட்டத்தில் பிள்ளைக்குத் தானாகப் பிடிபடுகிறது. அது பிடிபட்ட பிள்ளைக்கு "சொ", "தொ", "பொ" எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். பிடிபடாத பிள்ளைக்கு ஒவ்வொன்றும் புது எழுத்து. கன்னட எழுத்தை வைத்து சொனாலி நாக் செய்த ஆய்வுகள், இவ்வகை அசையெழுத்துகளை முழுதாய்க் கைவசப்படுத்தப் பிள்ளைகளுக்குப் பல வருடம் எடுக்கிறது என்று காட்டின. 26 எழுத்துள்ள மொழிக்காரர் வகுத்த கால அட்டவணையை நம் பிள்ளைமேல் போட்டுப் பார்க்கக் கூடாது.

இனி அந்தப் பொடியனின் "கெ… கா…" விடயத்துக்கு வருகிறேன். எனக்கு நெடுநாள் விளங்காமல் இருந்த இடம் இது. "கொ" என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, க நடுவில், கால் பின்னால். உயிரொலியைச் சொல்லும் குறி மெய்யின் இரண்டு பக்கமும் பிரிந்து கிடக்கிறது. கண் இடமிருந்து வலமாகப் போகும்போது முதலில் கொம்பைக் காணும். ஆனால் அதை உடனே சொல்லிவிட முடியாது. கையில் பிடித்து வைத்திருக்க வேண்டும். க வந்ததும் சேர்க்க வேண்டும். உடனே சேர்த்துவிட்டால் "கெ" ஆகிவிடும். பின்னால் கால் வருகிறதா என்று இன்னும் ஒரு கணம் பொறுக்க வேண்டும். நமக்கு இது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிற வேலை. அவன் "கெ… கா…" என்றபோது கவனமில்லாமல் வாசிக்கவில்லை. கண்ணில் பட்ட வரிசையை அப்படியே நேர்மையாகச் சொன்னான். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டக் கொம்பை இரண்டு விதமாக்கியவர் பதினெட்டாம் நூற்றாண்டு வீரமாமுனிவர். அந்தச் சிறு சுழிப்பு ஒன்றுதான் "கொடு"வையும் "கோடு"வையும் பிரிக்கிறது.

ஆங்கில நூல்களில் டிஸ்லெக்சியா என்றதும் எழுத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் புரட்டி எழுதும் பிள்ளையைக் காட்டுவார்கள். அந்த அடையாளத்தைத் தேடினால் தமிழ்ப் பிள்ளை நம் கண்ணில் படவே மாட்டான், ஏனென்றால் அப்படிப் புரட்டினால் வேறோர் எழுத்தாகிவிடும் சோடிகள் தமிழில் மிக அரிது. இங்கே தடுமாற்றம் ண-ன சுழிகளின் எண்ணிக்கையில் வரும். ர என்ற எழுத்துக்கும் கால் குறிக்கும் நடுவில் வரும். கு, சு, டு, நு, ரு என்று ஒவ்வொரு மெய்யோடும் உருமாறும் உகரத்தில் வரும். காதுப் பக்கத்தில் ல-ள-ழ, ர-ற. வாசிப்பில் பிழை குறைவாகவும் நேரம் அதிகமாகவும் இருக்கும். எழுத்துக்கும் ஒலிக்கும் ஒழுங்கான தொடர்புள்ள இத்தாலியன் போன்ற மொழிகளிலும் இதே நிலைதான்: சரியாக வாசிப்பார்கள், ஆனால் ஊர்ந்து ஊர்ந்து. 2001இல் வெளியான ஓர் ஆய்வு இத்தாலியன், பிரெஞ்சு, ஆங்கிலம் பேசும் டிஸ்லெக்சியா உள்ளவர்களை ஒப்பிட்டது. இத்தாலியர் மற்ற இருவரையும்விட நன்றாக வாசித்தார்கள். ஆனால் மூன்று மொழிக்காரரின் மூளையிலும் இடது பக்கத்தில் ஒரே இடத்தில்தான் செயற்பாடு குறைந்திருந்தது. ஆகவே தரம் மூன்றில் ஒரு பிள்ளை பிழையில்லாமல், ஆனால் ஒரு பந்திக்குப் பத்து நிமிடம் எடுத்து வாசித்தால், "பழகினால் சரிவரும்" என்று விடக் கூடாது.

கவனம் என்ற விடயத்தை இப்போது பிரித்துப் பார்ப்போம். ஒரே தோற்றத்துக்குள் மூன்று வேறு காரியங்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, செலவாகிப் போகும் கவனம். சைக்கிள் ஓடப் பழகும் முதல் நாளை நினைத்துப் பாருங்கள். பெடல், ஹாண்டில், பிரேக் என்று மனம் முழுக்க அதிலேயே இருக்கும். பக்கத்தில் வருபவர் கதைப்பது காதில் விழாது. பழகியபின் கதைத்துக்கொண்டே ஓடுகிறோம். வாசிப்பு பழகிய பிள்ளைக்கு எழுத்து தானாக ஓடுகிறது. மனம் கதையில் இருக்கிறது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு வரியும் சைக்கிளின் முதல் நாள். இருக்கிற கவனம் எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டுவதில் கொட்டிவிட்டுப் பத்து நிமிடத்தில் வெறுங்கையோடு நிற்கிறான். வெளியே மழையைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். நாம் காண்பதோ அந்தக் கடைசிக் கணத்தை மட்டும்.

இரண்டாவது, உண்மையாகவே கவனக் குறைபாடும் சேர்ந்து இருப்பது. ஏ.டி.எச்.டி எனப்படும் கவனக்குறைவு-மிகைச்செயற்பாட்டு நிலை, டிஸ்லெக்சியா உள்ளவர்களில் நூற்றுக்கு 25 முதல் 40 வரையானோரிடம் சேர்ந்து காணப்படுகிறது. இது தற்செயலாகச் சேருவதைவிட மிக அதிகம். இரண்டுக்கும் பொதுவான மரபணுப் பின்னணி இருக்கிறது. தூண்டில்காரப் பொடியனைக் காட்டி "பாருங்கள், அவனுக்குக் கவனம் இருக்கிறது" என்று நான் முடித்துவிட முடியாததும் இதனால்தான். விருப்பமான வேலையில் ஏ.டி.எச்.டி உள்ள பிள்ளையும் மணிக்கணக்கில் ஊன்றியிருக்கும். நான் வகுப்பில் பார்ப்பது வேறொன்று: கதை சொல்லும்போது அவன் எப்படி இருக்கிறான்? வாய்க்கணக்கில், பந்து விளையாட்டில், செடி நடும்போது எப்படி இருக்கிறான்? எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் கவனம் கழன்றால் முதலாவது வகை. எல்லா இடத்திலும் கழன்றால் வைத்தியர் பார்க்க வேண்டிய விடயம். இது ஓர் ஆசிரியையின் கண்மதிப்பு மட்டும்தான்; நோயறிதல் இல்லை.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். யுத்தம், 2004 மார்கழி 26 சுனாமி, பிறகு கொரோனாக் காலத்தில் மாதக்கணக்கில் பூட்டிய பள்ளிக்கூடங்கள்: மட்டக்களப்பு, அம்பாறை என்ற இந்த இரண்டு மாவட்டங்களிலும் பிள்ளையின் கவனத்தைக் கலைக்கவும் படிப்பைத் துண்டிக்கவும் காரணங்களுக்குக் குறைவிருந்ததில்லை. படிப்பிக்கப்படாததால் வாசிக்கத் தெரியாத பிள்ளை வேறு. படிப்பித்தும் வாசிப்பு ஏறாத பிள்ளை வேறு. சுனாமிக்குப் பிந்திய வருடங்களில் வகுப்பில் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த எல்லாப் பிள்ளைகளையும் பயந்த பிள்ளைகள் என்றே எடுத்துக்கொண்டோம். பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் அவர்களுக்குள் அலை வராவிட்டாலும் வாசிக்கத் திணறியிருக்கக்கூடிய சில பிள்ளைகளும் இருந்தார்கள் என்பது இன்று நினைத்தால் மனதை அறுக்கிறது.

மூன்றாவதுதான் ஆய்வாளர்கள் நெடுங்காலமாக வாதாடும் இடம்: கண்ணும் காதும் தகவலை வாங்கும் விதத்திலேயே வேறுபாடு உண்டா?

கண்ணை எடுப்போம். வாசிக்கும்போது கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தத்தித் தத்தித் தாவுகிறது. ஒவ்வொரு தரிப்பும் ஏறக்குறையக் கால் வினாடி. அந்தத் தரிப்பில் எத்தனை எழுத்தை ஒரே அள்ளில் அள்ளுகிறோம் என்பது ஆளுக்காள் வேறுபடும். பிரான்சில் சில்வியான் வல்டுவாவும் கூட்டாளிகளும் ஐந்து எழுத்துகளை ஒரு வினாடியின் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் திரையில் காட்டிவிட்டு, கண்டதைச் சொல்லச் சொன்னார்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினர், ஒலி பிரிப்பதில் குறையே இல்லாதவர்கள்கூட, இதில் மிகச் சில எழுத்துகளையே சொன்னார்கள். அவர்களுடைய அள்ளு சிறியது. தமிழ் போன்று சொல்லோடு சொல் ஒட்டி நீளும் மொழிக்கு இதன் கனதி அதிகம். "படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு" என்பது பதினேழு எழுத்துள்ள ஒற்றைச் சொல். சின்ன அள்ளோடு அதற்குள் இறங்கும் பிள்ளை பத்தாவது எழுத்துக்கு வரும்போது முதலாவதை எப்படிக் கைவிடாமல் இருக்கும்?

இதோடு சேர்ந்தது எழுத்து நெரிசல். ஓர் எழுத்தைப் பக்கத்து எழுத்துகள் நெருக்கினால் அது மங்கித் தெரிவது எல்லாருக்கும் உள்ளதுதான். சிலருக்கு அது கூடுதல். 2012இல் இத்தாலியில் மார்கோ சோர்சியின் குழு, எட்டு முதல் பதினான்கு வயது வரையான இத்தாலிய, பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டி அச்சடித்த வசனங்களைக் கொடுத்தது. எந்தப் பயிற்சியும் இல்லை, இடைவெளி மட்டுமே. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளின் சரியான வாசிப்பு இரண்டு மடங்கானது. வேகம் 20 சதவீதத்துக்கு மேல் கூடியது. பின்வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இவ்வளவு பெரிய பலன் கிடைக்கவில்லை. ஆனாலும் காசு செலவில்லாத காரியம். நான் வினாத்தாளைப் பெரிய எழுத்தில், இடம் விட்டு, ஒரு பக்கத்துக்கு எட்டு வரி மட்டும் வைத்து அடிக்கத் தொடங்கியது இதைப் படித்த பிறகுதான்.

நிறக் கண்ணாடி, நிறத்தாள் விடயத்தில் மட்டும் அவதானமாக இருங்கள். பக்கத்தின்மேல் நிறத்தாள் வைத்தால் வாசிப்பு வந்துவிடும் என்று விற்பவர்கள் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் கண் வைத்தியர் சங்கங்களோடு சேர்ந்து 2009இல் வெளியிட்ட அறிக்கை, இதற்குப் போதிய சான்று இல்லை என்று தெளிவாகச் சொன்னது. கண்ணையும் காதையும் சோதிப்பது கட்டாயம். கண்ணாடி தேவையான பிள்ளைக்குக் கண்ணாடி வேண்டும். ஆனால் டிஸ்லெக்சியா கண்நோய் அல்ல. அசைவைப் பார்க்கும் மூளைப் பகுதி இவர்களிடம் மந்தமாக இருப்பதே மூலகாரணம் என்று முன்பு ஒரு வாதம் இருந்தது. 2013இல் வந்த ஓர் ஆய்வு, டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளை அவர்களைவிட இளைய, ஆனால் அதே அளவு வாசிக்கும் பிள்ளைகளோடு ஒப்பிட்டது. வேறுபாடு காணாமல் போனது. வாசிப்புப் பயிற்சி கொடுத்ததும் அந்தப் பகுதியின் செயற்பாடும் கூடியது. அந்த மந்தம் குறைவாக வாசித்ததன் விளைவு, காரணம் அல்ல என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

காதுப் பக்கம் எனக்கு இன்னும் நெருக்கமானது, தகரக் கூரையின்கீழ் வருடக்கணக்கில் நின்றதால். 2009இல் யோஹானஸ் சீக்லரும் கூட்டாளிகளும் டிஸ்லெக்சியா உள்ள பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குப் பேச்சொலிகளைக் கேட்கச் செய்தார்கள். அமைதியான அறையில் அவர்கள் மற்றப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்டச் சமமாகவே நின்றார்கள். பின்னணியில் இரைச்சலைச் சேர்த்ததும் தெளிவாகப் பின்தங்கினார்கள். அதற்கு நான்கு வருடம் முன்பு இன்னொரு குழு கண்ணை வைத்து இதே மாதிரிச் சோதித்தது. திரையில் கோலங்கள் தெளிவாகத் தெரிந்தபோது வேறுபாடில்லை. புள்ளிப் புள்ளியாய்ப் பின்னணியைக் கலைத்தபோது வேறுபாடு தெரிந்தது. வேண்டியதைப் பிடித்துக்கொண்டு வேண்டாததைத் தள்ளும் வேலை இவர்களுக்குக் கடினமாக இருக்கிறது என்று அந்த ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். இந்த இரண்டையும் படித்தபோது நான் நின்ற வகுப்பறைதான் கண்முன் வந்தது. ஒரே மண்டபம், நடுவில் அரைச்சுவரும் இல்லாமல் தட்டி மறைப்பு, அந்தப் பக்கம் தரம் இரண்டு வாய்ப்பாடு சொல்கிறது, மேலே மழை. அதற்குள் நான் "பல்லி", "பள்ளி" என்று சொல்வதெழுதுதல் வைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாருக்கும் எல்லாக் குறையும் இருக்காது. பிராங்க் ராமுஸ் 2003இல் டிஸ்லெக்சியா உள்ள பதினாறு பல்கலைக்கழக மாணவர்களை எல்லாக் கோணத்திலும் சோதித்தார். பதினாறு பேருக்கும் பேச்சொலி பிரிப்பதில் சிரமம் இருந்தது. பத்துப் பேருக்குக் கேட்டலில், நாலு பேருக்கு உடலசைவில், இரண்டு பேருக்குப் பார்வை உணர்வில். இந்த எண்களை நான் மறப்பதில்லை. ஒலிதான் அடிமரம், கண்ணும் காதும் கவனமும் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும் கிளைகள். ஆகவே கண்பயிற்சி மட்டும் கொடுத்து, கவனப் பயிற்சி மட்டும் கொடுத்து வாசிப்பை வரவைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

2016இல் வந்த இன்னுமோர் ஆய்வு வீட்டில் உம்மாமாரும் அம்மாமாரும் சொல்லும் ஒரு வசனத்துக்கு விடை தருகிறது: "பத்துத் தரம் சொல்லியாச்சு, இன்னும் ஏறல்ல." ஒரே குரலை, ஒரே சொல்லை, ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டும்போது சாதாரணமாக மூளை அதற்குப் பழகி, குறைந்த உழைப்பில் வேலையை முடிக்கும். டிஸ்லெக்சியா உள்ளவர்களின் மூளை அந்த அளவுக்குப் பழகிக்கொள்ளவில்லை. இரண்டாம் தரம் கேட்பதும் பெருமளவு முதல் தரம் போலவே. பத்துத் தரம் போதாது என்றால் அது அடம் இல்லை.

அம்பாறைக் கரையோரத்துக்கு ஒரு தனிக் கேள்வி உண்டு. கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு முஸ்லிம் பிள்ளை ஏழு வயதுக்குள் இடமிருந்து வலமாகத் தமிழும், வலமிருந்து இடமாக அரபும் தொடங்கிவிடும். ஆங்கிலமும் சிங்களமும் பின்னால் வருகின்றன. நாலு எழுத்துமுறை. "இவ்வளவையும் போட்டுக் குழப்பினதாலதான் புள்ளைக்கு வாசிப்பு வருதில்லையா?" என்று கேட்ட வாப்பாமார் பலர். இல்லை. பல மொழி டிஸ்லெக்சியாவை உண்டாக்காது. ஆனால் ஒரு மொழியில் தெரியாதது இன்னொன்றில் தெரியலாம். ஜப்பானில் வளர்ந்த ஆங்கிலக் குடும்பப் பையன் ஒருவனைப் பற்றி 1999இல் எழுதியிருக்கிறார்கள். ஜப்பானிய மொழியைத் தன் வயதினரைப் போலவே நன்றாக வாசித்தவனுக்கு ஆங்கிலம் மட்டும் வரவில்லை. நம் பக்கத்தில் இன்னொரு மறைப்பும் உண்டு. ஓதும் பள்ளியில் காதால் கேட்டு மனனம் செய்வதில் சில பிள்ளைகள் அபாரம். அத்தியாயங்களைப் பிசகில்லாமல் ஓதுவார்கள். ஓதிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு வரியைக் காட்டி "இது எந்த இடம்?" என்றால் தடுமாறுவார்கள். வகுப்பில் கூட்டாகச் சத்தம் போட்டு வாசிப்பதிலும் இதுதான் நடக்கிறது. நாற்பது பேரின் குரலுக்குள் ஒருவன் பாடத்தைக் காதால் பிடித்து ஒரு வருடம் தப்பிவிடலாம். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக, ஒரு வரி, முன்பின் பார்க்காத வரி வாசிக்கவிட்டுக் கேட்பதைவிட நல்ல சோதனையை நான் அறியவில்லை.

தாளத்தைப் பற்றியும் கொஞ்சம். கேம்பிரிட்ஜில் உஷா கோஸ்வாமி இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லிவருவது இது: ஒவ்வோர் அசையும் தொடங்கும்போது சத்தம் மேலெழுகிறதே, அந்த எழுச்சியைக் கூர்மையாகப் பிடிப்பதில் இப்பிள்ளைகளுக்குச் சிரமம் இருக்கிறது. பேச்சின் அசைத்துடிப்பு மங்கலாகக் கேட்டால் அதற்குள் இருக்கும் ஒலிகளும் மங்கலாகவே பதியும். ஒரு துடிப்புக்கு ஒத்துத் தட்டச் சொன்னாலும் பலர் பிசகுவார்கள். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்க் கூத்துக்களரி நினைவுக்கு வந்தது. அண்ணாவியார் ஏட்டைக் கையில் கொடுப்பதில்லை. மத்தளம் தட்டி, தாளக்கட்டு சொல்லி, ஆட்டமும் பாட்டும் சேர்த்து வாய்வழியாகவே இரவிரவாகப் பழக்குகிறார். கரையோர முஸ்லிம் ஊர்களில் கம்புகளைத் தட்டி ஆடும் பொல்லடியும் அப்படித்தான். கூத்தாடினால் டிஸ்லெக்சியா மாறும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொல்லை அசையாகப் பிரித்துக் கைதட்டுவது, அசைக்கு ஓர் அடி வைத்து நடப்பது, சந்தத்தோடு பாட்டுச் சொல்வது எல்லாம் வாசிப்புக்கு முன்படி என்பது உறுதி. அதற்குத் தேவையான சரக்கு முழுவதும் இந்த மண்ணில் இருக்கிறது. முன்பள்ளிகளில் அதை விட்டுவிட்டு மூன்றரை வயதில் எழுத்துக் கொப்பி நிரப்பச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

வாசிப்பை வரவைக்கும் வழி என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது ஒன்றுதான்: ஒலியையும் எழுத்தையும் ஒழுங்குமுறையாக, சிறிது சிறிதாக, வெளிப்படையாகச் சொல்லிக் கொடுப்பது. தினம் இருபது நிமிடம், அமைதியான மூலையில், ஒரு பிள்ளையோ மூன்று பிள்ளைகளோ. க் + ஒ என்று வாயால் சேர்த்து, பிறகு எழுத்தில் சேர்த்து. ஏடு தொடக்கும்போது பச்சரிசியில் விரல் வைத்து எழுதுவதுபோல மணலிலும் எழுத வைக்கலாம். பிள்ளைக்குப் பிடிக்கும், கை மறக்காது. மணல் மட்டும் மாயம் செய்யாது, ஒழுங்குமுறைதான் வேலை செய்கிறது. நான் தடித்த அட்டையில் ஒரு வரி அளவுக்குச் சன்னல் வெட்டிக் கொடுப்பேன். சுற்றியுள்ள வரிகள் மறைந்துவிடும். சொல்வதெழுதுதலை மழை நின்ற பிறகு வைப்பேன். இந்தப் பிள்ளைகளை முன் வாங்கில், கூரைத் தாழ்வாரத்திலிருந்து தள்ளி இருத்துவேன்.

வைத்தியசாலைப் பக்கம் போகத் தயங்குகிறவர்களுக்கு: மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ குழந்தை நல வைத்திய நிபுணரிடமிருந்து தொடங்கலாம். காது, கண் சோதனை முதல் வேலை. இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமை உள்ளவர்களின் உரிமைகளைப் பற்றிப் பேசுகிறது; பரீட்சையில் விசேட தேவையுள்ளவர்களுக்கு மேலதிக நேரம் கேட்கவும் வழியுண்டு. அதற்கான விண்ணப்பத்தைத் தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அதிபரிடம் கொண்டுபோவதில் பயனில்லை. தரம் ஐந்தே பிந்திய காலம். தரம் இரண்டு முடியும்போது சந்தேகம் இருந்தால் அப்போதே தொடங்க வேண்டும்.

தூண்டில்காரப் பொடியனின் அப்பாவை வரச் சொல்லியிருந்தேன். வாவியில் வீச்சுவலை வீசுகிறவர். நனைந்த சாரத்தோடு வாசலில் நின்றார். வாங்கில் இருக்கச் சொன்னபிறகுதான் இருந்தார். மேலே எழுதிய எல்லாவற்றையும் என்னால் முடிந்த அளவு எளிமையாகச் சொன்னேன். மகனைச் சிறப்புப் பயிற்சிக்கு எடுப்பதற்கான சம்மதக் கடிதத்தை நீட்டினேன். வாசிக்காமலேயே எங்கே கையொப்பம் என்று கேட்டார். காட்டினேன். பேரை வரைவதுபோல மெதுவாக எழுதினார். எழுதிவிட்டுப் பேனையைத் திருப்பித் தராமல் கையில் வைத்துக்கொண்டு, "டீச்சர், நான் எட்டாம் வகுப்போட நிண்டதும் இதாலதானோ?" என்றார்.

குடும்பத்தில் ஓடும் விடயம்தான் என்றேன். பெற்றோரில் ஒருவருக்கோ மூத்த பிள்ளைக்கோ இருந்தால், பிறக்கும் பிள்ளைகளில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 45 பேருக்கு வருகிறது என்பதையும் சொன்னேன். அவர் தலையாட்டினார். மேசையில் கிடந்த சன்னல் அட்டையை எடுத்து, சுவரில் ஒட்டியிருந்த நேரசூசியில் ஒரு வரியின்மேல் வைத்து, உதட்டை அசைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "இதில ரெண்டு வெட்டித் தருவீங்களா டீச்சர்?"